காசு பொய் சொல்லாதா? கான்ஸ்டன்டைனின் வெண்கலக் காசில் நிற்கும் சூரியன்

வாசகர் கேள்வி, 4 ஆகஸ்ட் 2024

ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 312இல் ரோம் நகருக்கு அருகே நடந்த மில்வியன் பாலச் சண்டைக்கு முன்னால் வானத்தில் அடையாளம் கண்டு கிறிஸ்தவர் ஆனார் என்று பள்ளியில் படித்தோம். ஆனால் அதற்கு அப்புறம் அவர் அடித்த வெண்கலக் காசில் சூரிய தேவன்தான் நிற்கிறான். சிலுவையும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்படியானால் மதம் மாறிய கதையே பாதிரிமார் பிற்பாடு கட்டியதுதானே? ஏடு பொய் சொல்லும், காசு பொய் சொல்லாது. மதுரையில் வாங்கிய ரோமானியக் காசு என்னிடமும் ஒன்று இருக்கிறது. படம் பிறகு போடுகிறேன்.

4 ஆகஸ்ட், இரவு

நீங்கள் சொல்லும் காசில் ஒன்று இப்போது என் மேஜைமேல் கிடக்கிறது. நம் ஐம்பது காசு அளவு, மூன்று கிராம் இருக்கும். முன்பக்கம் இலைக்கிரீடத்தோடு கான்ஸ்டன்டைன் வலப்பக்கம் பார்க்கிறார். பின்பக்கம் சூரியன். தலையைச் சுற்றிக் கதிர், தோளில் ஒரு துண்டு, மற்றபடி உடம்பில் துணி இல்லை. வலது கை உயர்ந்திருக்கிறது. கோயிலில் அபய ஹஸ்தம் பார்த்துப் பழகிய நமக்குக் கும்பிடத் தோன்றும். இடது கையில் உலக உருண்டை. சுற்றிலும் 'சோலி இன்விக்டோ கொமிடி', அதாவது தோற்காத சூரியனுக்கு, கூடவே வரும் தோழனுக்கு.

அந்தத் 'தோழன்' என்ற சொல்தான் விஷயம். சூரியன் இங்கே கருவறையில் இல்லை, அரசரோடு படையில் கூட நடக்கிறான். 310இல் கால் நாட்டில் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) சூரியனோடு சேர்த்துப் பார்க்கப்பட்ட அப்பல்லோவின் கோயிலில் கான்ஸ்டன்டைனுக்குத் தெய்வம் காட்சி தந்ததாக ஒரு புகழுரைக்காரர் அவர் முன்னாலேயே பேசியிருக்கிறார். ஆக, 312க்கு முன்பே அவருக்குக் காட்சி காணும் பழக்கம் உண்டு.

313இல் மிலான் உடன்பாடு, கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்தது. அதற்குப் பின் சூரியன் காசிலிருந்து மெல்ல மறையத் தொடங்கிவிட்டான். அவ்வளவுதான் பதில். தூக்கம் வருகிறது.

5 ஆகஸ்ட், காலை

நேற்று எழுதியதில் கடைசிப் பத்தி தப்பு. என் காசே அதைத் தப்பென்கிறது. சூரியனுக்கு இரண்டு பக்கமும் டி, எஃப் என்று இரண்டு எழுத்து, காலடியில் பி டி ஆர். டி ஆர் என்றால் இன்றைய ஜெர்மனியில் உள்ள ட்ரியர் ஊர்த் தங்கசாலை, பி என்றால் அங்கே முதல் பட்டறை. இந்தக் கூட்டெழுத்து 313 முதல் 315 வரை உள்ள வார்ப்புக்கு உரியது. பாலச் சண்டையும் முடிந்து, மிலானும் முடிந்த பிறகு அடித்த காசு இது. வெண்கலத்தில் சூரியன் ஏறக்குறைய 317–318 வரை நிற்கிறான். பொன்னில் இன்னும் சில வருஷம்.

ஆகவே கேள்வி கேட்டவர் சொன்ன உண்மை சரி. எடுத்த முடிவில்தான் எனக்குச் சம்மதமில்லை.

5 ஆகஸ்ட், மதியம்

'வார்ப்பு' என்று எழுதிவிட்டேன். வார்ப்பு இல்லை, அடிப்பு. இரண்டு அச்சுக்கு நடுவே சூடான வில்லையை வைத்துச் சம்மட்டியால் ஒரே போடு. அதனால்தான் படம் பாதி வெளியே ஓடியிருக்கும், ஓரம் வெடித்திருக்கும். அரசர் மூக்கில் பாதி இல்லையென்றால் யாரும் சுரண்டவில்லை, அடித்தவன் கை தவறியது.

5 ஆகஸ்ட், இரவு

'காசு பொய் சொல்லாது' என்பதற்கு வருகிறேன். நான் முப்பத்தொரு வருஷம் வங்கியில் காசாளர் கூண்டுக்குள் உட்கார்ந்தவன். 2006 ஆண்டு போட்ட இரண்டு ரூபாய் ஞாபகம் இருக்கிறதா? எஃகுக் காசு. நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு, நான்கு மூலையிலும் ஒவ்வொரு புள்ளி. 'வேற்றுமையில் ஒற்றுமை' என்பதற்கான சின்னம் என்று அரசு சொன்னது. நாடு முழுக்கச் சத்தம் கிளம்பியது, இது சிலுவை என்று. 9ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை ஆண்ட பக்திமான் லூயியின் வெள்ளிக் காசிலும் இதே குறுக்குக் கோடும் நான்கு புள்ளியும் இருக்கிறது, அதைப் பார்த்து அடித்ததுதான் என்று படம் போட்டுக் காட்டினார்கள். கொஞ்ச நாளில் கை முத்திரை போட்ட காசு வந்து அந்தச் சத்தம் அடங்கியது.

என் கூண்டுக்கு வந்த ஒரு பெரியவர் அந்த இரண்டு ரூபாயை உள்ளேயே தள்ளிவிட்டார். "வேற குடுங்க சார், இது அவங்க காசு." அவருக்குப் பின்னால் நின்ற அம்மா கழுத்தில் ஜெபமாலை. "எங்ககிட்ட குடுங்க, நாங்க வெச்சுக்கறோம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

இன்னும் ஆயிரத்து எழுநூறு வருஷம் கழித்து ஒருவர் அதைத் தோண்டியெடுத்து, '2006இல் இந்தியா கிறிஸ்தவ நாடு, காசு பொய் சொல்லாது' என்றால்?

6 ஆகஸ்ட்

ஒருவர் கேட்கிறார்: அது வேறு, ரோமானியக் காசை அடித்தவன் சூரியன் என்று பெயரையே பொறித்திருக்கிறானே. நியாயம். கோடு போட்டுவிட்டு அர்த்தம் தேடும் வேலை அங்கே இல்லை.

அப்படியானால் நம் ஊர்த் தங்கசாலைக்கே வாருங்கள். மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பொன் வராகன் அடித்தது. அதில் பெருமாள், இரு பக்கமும் தாயார். வெள்ளைக்காரன் அதைத் 'த்ரீ சாமி பகோடா' என்றே கூப்பிட்டான். பிறகு நட்சத்திர வராகன்; ஒரு பக்கம் நட்சத்திரம், மறுபக்கம் அப்போதும் பெருமாள். கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலயத்தில் ஞாயிறு ஜெபம் முடித்துவிட்டு வந்தவர்கள்தான் அந்தக் காசுக்குக் கணக்கு எழுதினார்கள். அவர்கள் நாமம் போட்டுக்கொண்டதாக யாரும் சொன்னதில்லை. விஜயநகரக் காலத்திலிருந்து சந்தையில் எடுபட்ட முகம் பெருமாள் முகம். முகத்தை மாற்றினால் செட்டியார் உரசிப் பார்ப்பார், வட்டம், அதாவது மாற்றுக் கழிவு, கேட்பார்.

6 ஆகஸ்ட், பிற்பகல்

எழுதி முடித்துச் சாப்பிடப் போனேன், சாதம் இறங்கவில்லை. வராகன் உதாரணம் முழுசாகப் பொருந்தாது. கம்பெனி அடுத்தவன் நாட்டில், அடுத்தவன் காசைப் பார்த்து அடித்தது. கான்ஸ்டன்டைன் தன் நாட்டில் தன் முகத்தைத்தான் போடுகிறார். இந்தச் செம்பும் வெண்கலமும் பெரும்பாலும் சிப்பாய்ச் சம்பளம் வழியாகச் சந்தைக்குப் போவது. சிப்பாயில் பத்துக்கு ஒருவன்கூடக் கிறிஸ்தவனா என்பதே சந்தேகம். அவனுக்கு நேற்றுவரை கூட வந்த தோழனை இன்றைக்கு எப்படி இறக்கிவிடுவது?

ரோமில் 315இல் கட்டிய அவருடைய வெற்றி வளைவைப் பாருங்கள். வென்றது எதனால் என்று கல்வெட்டு சொல்கிறது: 'தெய்வத்தின் தூண்டுதலால்'. எந்தத் தெய்வம்? எழுதவில்லை. கோயிலுக்குப் போகிறவனும் தலையாட்டலாம், சபைக்குப் போகிறவனும் தலையாட்டலாம். கல்யாணப் பத்திரிகையில் மேலே 'இறைவன் துணை' என்று மட்டும் போடும் குடும்பங்கள் நமக்குத் தெரியாதா!

கதை பிற்பாடு கட்டியது என்பதும் நிற்காது. கனவில் வந்த உத்தரவுப்படி கேடயத்தில் அடையாளம் வரைந்தார்கள் என்று லாக்டான்டியஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதியது சண்டை முடிந்து சில வருஷத்துக்குள். வானத்தில் கண்ட சிலுவையை விரிவாக எழுதிய பிஷப் யூசிபியஸ்தான் பிந்தியவர்; கான்ஸ்டன்டைன் 337இல் இறந்த பிறகு எழுதியது. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டால்தான் 'பாதிரி கட்டிய கதை' ஆகும். 315இல் இத்தாலியின் டிசினம் தங்கசாலை அடித்த வெள்ளிப் பதக்கக் காசில் அரசர் தலைக்கவசத்தில் அந்தக் குறி இருக்கிறது. பெருக்கல் குறி போட்டு, நடுவில் தலை வளைந்த ஒரு கோலை நட்டதுபோல் இருக்கும். கிறிஸ்து என்ற பெயரின் முதல் இரண்டு கிரேக்க எழுத்து. அதே சமயத்தில் ட்ரியரில் வெண்கலத்தில் சூரியன். பெரிய அதிகாரிக்குக் கொடுக்கும் வெள்ளியில் ஒன்று, காய்கறி வாங்கும் காசில் ஒன்று.

7 ஆகஸ்ட்

நான் புளி போட்டுத் தேய்த்து ஒரு காசைக் கெடுத்த கதையைக் கேட்டிருந்தார்கள். வேறொரு இடத்தில் அதைப் பற்றி ஒரு வரி எழுதியதைப் பிடித்துக்கொண்டார்கள். சரி, மானம் போகட்டும்.

மகன் ஜெர்மனியில் வேலையாக இருந்தபோது நானும் அவன் அம்மாவும் போயிருந்தோம். ட்ரியரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. ஒரு கிழவர் துடைக்காத ரோமானியக் காசைக் குவித்து வைத்திருந்தார், மண்ணோடு. பதினைந்து பொறுக்கினேன். பெரும்பாலும் வெறும் வட்டம். இரண்டில் மட்டும் ஒரு கதிர் தெரிந்தது.

ஊருக்கு வந்ததும் ஒரு காசை எடுத்து, வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி, புளியை ஊறவைத்து உப்பு போட்டுத் தேய்த்தேன். அஞ்சு நிமிஷம். பளபளவென்று வந்தது, புதுச் செம்பு மாதிரி, சிவப்பாக. ஒரே ஆனந்தம். கழுவித் துடைத்து விளக்கடியில் பிடித்தால், சூரியன் இல்லை. கதிர் இல்லை, கை இல்லை. எழுத்தில் 'கொமி' என்று பாதி மட்டும்.

நடந்தது இதுதான். ஆயிரத்து எழுநூறு வருஷத்தில் உலோகத்தின் மேல்பகுதி பச்சையும் பழுப்புமாக மாறிவிடும். படத்தின் நுணுக்கம் இருப்பது அந்தப் பச்சைத் தோலில்தான், அடியில் உள்ள செம்பில் இல்லை. புளியின் அமிலம் தோலையே கரைத்துக் கொண்டுபோய்விடும். அது மட்டுமில்லை, இந்தக் காசுகளை அடிக்கும்போது மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு இருந்தது. சில காசில் எழுத்தின் இடுக்கில் அது இன்னும் மிஞ்சியிருக்கும். என் காசில் இருந்ததா என்பதற்கு இனிமேல் சாட்சி கிடையாது.

4ஆம் தேதி நான் வர்ணித்தது மிச்சம் இருக்கும் இன்னொன்று. அதைத் தொடுவதற்கே பயம்.

8 ஆகஸ்ட்

தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, சேர்த்து:

காசை எப்படித் துடைப்பது என்று கேட்டவர்களுக்கு: எலுமிச்சையும் வேண்டாம். சாம்பலும் வேண்டாம். வாலை வடிநீரில் வாரக்கணக்கில் ஊறப்போடுங்கள், நீரை மாற்றிக்கொண்டே இருங்கள், மூங்கில் குச்சியால் உருப்பெருக்கியில் பார்த்துப் பார்த்து மண்ணைத் தள்ளுங்கள். வெளிர்பச்சை நிறத்தில் மாவு மாதிரி ஒரு புள்ளி பூத்தால் அது வெண்கல நோய். உள்ளே குளோரைடு இருக்கிறது, ஈரம் பட்டால் தின்றுகொண்டே போகும். அந்தக் காசைத் தனியே எடுத்து உலர்ந்த டப்பாவில் வையுங்கள்.

சைப்ரஸ் காசில் கோயிலுக்குள் சிவலிங்கம் இருப்பதாகப் படம் போட்ட நண்பருக்கு: அது பாபோஸ் ஊர் அப்ரோடைட்டி கோயில். அங்கே அவளுக்குச் சிலை இல்லை, கூம்பு வடிவக் கல்தான் தெய்வம். சிரியாவில் எமெசா ஊரிலும் சூரியக் கடவுளுக்கு அப்படியொரு கல், காசிலும் உண்டு. உருவமில்லாத கல்லைக் கும்பிட்டவர்கள் மத்தியதரைக் கடலோரத்திலும் இருந்தார்கள், அவ்வளவுதான். சோழர் படை அங்கே போகவில்லை.

நோவாவின் பேழை போட்ட காசு உண்மையா என்று கேட்டவருக்கு: உண்மை. பிரிஜியாவில் (இன்றைய துருக்கி) அபமேயா ஊர், ரோமானியப் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் காலத்திலிருந்து. ஊருக்கு 'பெட்டி' என்றொரு பட்டப்பெயர். அதற்கேற்பப் பெட்டிக்குள் கணவனும் மனைவியும், பெட்டியில் கிரேக்க எழுத்தில் நோவா பெயர், மேலே பறவை. முன்பக்கம் இருப்பதோ ரோமானிய தெய்வங்களைக் கும்பிட்ட அரசர். கான்ஸ்டன்டைனுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே பைபிள் கதை வெண்கலத்தில் ஏறிவிட்டது.

10 ஆகஸ்ட்

சூரியனை இறக்கிய பிறகு அந்த இடத்தில் யாரை ஏற்றினார்கள் என்பதைப் பார்த்தால்தான் தங்கசாலைக்காரன் மூளை புரிகிறது. சிலுவையை என்று நினைப்பீர்கள். இல்லை. 318க்குப் பிறகு கேடயம் பிடித்த இரண்டு வெற்றித் தேவதை. 324க்குப் பிறகு ஒரு கோட்டை வாசல், மேலே ஒரு விண்மீன். முதலில் பார்த்தபோது நான் செங்கல் சூளை என்றே நினைத்தேன். 330இலிருந்து இரண்டு சிப்பாய், நடுவே கொடிக்கம்பம். யாருக்கும் வலிக்காத படம். சாமியும் இல்லை, சாமி இல்லையென்றும் சொல்லவில்லை.

பேரரசின் கிழக்குப் பாதியை ஆண்ட லிசினியஸ் மட்டும் 324இல் தோற்கும்வரை ஜூபிட்டரை விடவில்லை. காலடியில் கழுகு, கையில் செங்கோல். அவர் தோற்றதும் கான்ஸ்டான்டினோப்பிள் தங்கசாலை 327இல் ஒரு காசு அடித்தது: கிறிஸ்துவின் எழுத்து உச்சியில் இருக்கும் கொடிக்கம்பம், அதன் அடிமுனை ஒரு பாம்பைக் குத்தி நிற்கிறது. 'மக்களின் நம்பிக்கை' என்று எழுத்து. பாம்பு லிசினியஸ்தான் என்கிறார்கள், நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். வெளிப்படையான கிறிஸ்தவப் படம் வெண்கலத்தில் பின்பக்கத்தை முழுசாகப் பிடித்தது அவர் ஆட்சியில் இதுதான். அதுவும் மிகச் சொற்பமே அடித்தார்கள், ஏலத்தில் வந்தால் என் பென்ஷன் தாங்காது.

11 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று காலை எதிர்வீட்டுக் குடும்பம் சபைக்குக் கிளம்பியது. "ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஞாயிறு என்றால் சூரியன். அவர்கள் யாரும் சூரியனை நினைத்துச் சொல்லவில்லை, கேட்டவரும் நினைக்கவில்லை.

321இல் கான்ஸ்டன்டைன் போட்ட சட்டம் இதே மாதிரிதான் பேசுகிறது. நீதிமன்றமும் நகரத்துப் பட்டறைகளும் ஓய்வு, எந்த நாளில்? 'வணக்கத்துக்குரிய சூரியனின் நாளில்'. கிறிஸ்துவின் நாள் என்று அதில் இல்லை. சபைக்காரனுக்கு அது ஆண்டவர் உயிர்த்த நாள், பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சூரியன் நாள், இருவருக்கும் விடுமுறை.

இதை முதல் நாளே எழுதியிருந்தால் வராகன்வரை போயிருக்க வேண்டாம்.

12 ஆகஸ்ட்

இந்தப் பேச்சில் எனக்கு ரொம்பப் பிடித்த காசு ஒன்று, என்னிடம் இல்லாதது. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. கான்ஸ்டன்டைன் இறந்த பிறகு அவர் பிள்ளைகள் அடித்தது. முன்பக்கம் முக்காடு போட்ட தலை, பெயருக்கு முன்னால் 'தெய்வமான' என்று அர்த்தம் வரும் அந்தப் பழைய பட்டம். பழைய அரசர்கள் செத்துத் தெய்வமானபோது போட்ட அதே சொல். பின்பக்கம் நான்கு குதிரைத் தேர் மேலே ஏறுகிறது. தேரில் அவர் கையை உயர்த்துகிறார். மேலே வானத்திலிருந்து ஒரு கை, மணிக்கட்டுவரை மட்டும், அவரைப் பிடிக்க இறங்குகிறது.

யூசிபியஸ் இந்தக் காசைப் பார்த்து அப்படியே வர்ணித்திருக்கிறார், பிஷப்பாக இருந்தும் ஒரு முணுமுணுப்பு இல்லாமல். நான்கு குதிரைத் தேர் யாருடையது? சூரியனுடையது. பைபிள் படித்தவனுக்கு எலியா தீர்க்கதரிசியின் தேர். இருபது வருஷத்துக்கு முன் காசிலிருந்து இறக்கிவிட்ட தோழன், கடைசிப் பயணத்துக்கு வண்டியை மட்டும் அனுப்பியிருக்கிறான்.

இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது, கேள்வியே கொஞ்சம் கோணல். 'அவர் எப்போது மாறினார்' என்று காசிடம் கேட்கிறோம். அவர் ஞானஸ்நானம் பெற்றதே 337இல், சாவுப் படுக்கையில். காசிடம் கேட்க வேண்டியது, 'யார் கண்ணுக்காக இந்தப் படம்' என்பதைத்தான்.

13 ஆகஸ்ட்

பேரரசர் ஜூலியனை விட்டுவிட்டேன் என்று சிலருக்குக் கோபம். கான்ஸ்டன்டைனின் தம்பி மகன், பழைய தெய்வங்களுக்குத் திரும்பியவர், ஆட்சி 361–363. பெரிய வெண்கலக் காசு, எட்டு கிராமுக்கு மேல். பின்பக்கம் ஒரு காளை, கொம்புக்கு மேல் இரண்டு விண்மீன். எழுத்தோ 'நாட்டின் பாதுகாப்பு'. எகிப்தியர் தெய்வமாகக் கும்பிட்ட ஆபிஸ் என்ற காளை என்கிறார் ஒருவர், யாகப் பலி என்கிறார் ஒருவர், ராசி மண்டலத்து ரிஷபம் என்கிறார் மூன்றாமவர். அந்தியோக்கியாக் கிறிஸ்தவர்கள் அந்தக் காளையைப் பார்த்துக் கேலி செய்தார்கள் என்று 5ஆம் நூற்றாண்டில் சாக்ரட்டீஸ் என்ற திருச்சபை வரலாற்றாசிரியர் எழுதுகிறார். (விஷம் குடித்தவர் வேறு.) அடித்தவர் என்ன நினைத்தாரோ, தெருவில் மாட்டுக் காசு ஆகிவிட்டது. என் இரண்டு ரூபாய்ப் பெரியவரை நினைத்துக்கொண்டேன்.

13 ஆகஸ்ட், இன்னொன்று

பூவா தலையா என்கிறோமே, ரோமானியப் பையன்கள் காசைச் சுண்டும்போது 'தலையா கப்பலா' என்பார்களாம். குடியரசுக் கால வெண்கலத்தில் ஒரு பக்கம் இரட்டைமுக ஜானஸ், மறுபக்கம் கப்பல் முகப்பு. மாக்ரோபியஸ் என்ற பிற்கால ரோமானிய எழுத்தாளர் இதை எழுதும்போது அந்தக் காசு ஒழிந்து சில நூற்றாண்டு ஆகிவிட்டது. பையன்கள் மட்டும் கப்பலை விடவில்லை. நம் காசிலும் தலை இருந்தது ஜார்ஜ் மன்னரோடு போயிற்று, இப்போது சிங்கம். தலை என்றுதான் இன்னும் கேட்கிறோம்.

16 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் கடைசியில் தன் காசைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். பன்னிரண்டு மில்லிமீட்டர், ஒரு கிராம். 'மீனவன் வலை இழுக்கிறான், பாண்டிய நாட்டு முத்துக் குளிப்பு' என்று குறிப்பு வேறு.

ஐயா, அது மீனவன் இல்லை. வெற்றித் தேவதை, சிறகைப் பாருங்கள். தோளில் கொள்ளைப்பொருளைக் கம்பில் மாட்டிச் சுமக்கிறாள், பின்னால் இழுபடுவது வலை இல்லை, கைதி. 'சாலுஸ் ரெய்பூப்ளிகே', நாட்டின் நலம். 388க்குப் பிறகு பேரரசர் தியோடோசியஸ், அவர் பிள்ளைகள், கூட ஆண்ட இரண்டாம் வாலன்டினியன் பெயரில் கூடைகூடையாக அடித்தது. இந்தக் காலத்துச் சின்னச் செம்புக் காசுகள்தான் கரூரில் அமராவதி மணலிலும் மதுரையில் வைகையிலும் கிடைப்பவை. இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. ஆகவே மதுரையில் வாங்கினேன் என்றால் நம்புகிறேன். ஆற்றில் நீங்களே எடுத்தீர்கள் என்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் ஒன்று உண்டு, பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும். சட்டத்தில் இன்னும் பத்து ரூபாய்தான்.

391இல் தியோடோசியஸ் கோயில் வழிபாட்டையே தடை செய்தார். அவர் காசில் பழைய தேவதை சிறகோடு நடக்கிறாள். அவளுக்கு முன்னால், இடது பக்கக் காலி இடத்தில், கடுகளவில் கிறிஸ்துவின் எழுத்துக் குறி இருக்க வேண்டும். சில அச்சில் வெறும் சிலுவை. உங்கள் படத்தில் அந்த இடத்தில் மண் அடைந்திருக்கிறது.

விளக்கை இடது பக்கம் தாழ்வாக வைத்து இன்னொரு படம் எடுங்கள். மண்ணை எடுக்க வேண்டாம். புளி வீட்டில் இருந்தால் ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.